லீட் அக்கா

என்னுடைய கைத்தொலைபேசியில் அவருடைய எண் இன்னும் ‘லீட் அக்கா’ என்ற பெயரில்தான் இருக்கிறது. எங்கள் இசைக்குழுவில் இரண்டு கிற்றார். பாட்டுக்குத் தாளமாகப் போகும் கிற்றாரை வேறொருவர் வாசித்தார். பாட்டின் நடுவில் பாடகர் நிறுத்தும் இடத்தில் எழுந்து வரும் லீட் கிற்றார் இவருடையது. திருகோணமலையில் அப்போது பெண்கள் குழுக்களில் பாடினார்கள், கீபோட் வாசித்தார்கள். எலெக்ட்ரிக் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையின் நடுவில் நின்ற பெண்ணாக எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான் இருந்தார்.

நான் அந்தக் குழுவின் சவுண்ட்காரன். சனத்துக்குப் பின்னால் மிக்ஸருக்கு முன்னே இருந்து யாருடைய சத்தம் எவ்வளவு வெளியே போகவேண்டும் என்று பார்ப்பது என் வேலை. இப்போது கொழும்பில் அதே வேலையைச் செய்கிறேன். பெரிய மேடைகள், பெயர்பெற்ற ஆட்கள். அவர்களில் சிலருடைய விரல்கள் இவருடைய விரல்களைவிட வேகமானவை. ஆனாலும் ஒருவர் நன்றாக வாசித்துவிட்டு இறங்கும்போது என் மனம் தன்பாட்டில் அக்காவின் ஊரான பாலையூற்றுக்குப் போய்விடுகிறது.

அவர் பாலையூற்றுப் பறங்கிக் குடும்பத்தவர். தாயாருடன் வீட்டில் பேசும் பழைய போர்த்துக்கேயம் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. எங்களுடன் பேசுவது நல்ல திருகோணமலைத் தமிழ். பகலில் கார் ஓட்டப் பழக்குவார். உட்துறைமுக வீதியில் ‘L’ பலகை மாட்டிய வெள்ளைக் கார் ஒன்று ஊர்ந்து போனால், பக்கத்து ஆசனத்தில் தொப்பி போட்டுக்கொண்டு மடியில் கைகளை வைத்தபடி அவர் இருப்பார். ஒத்திகைக்கு அதே தொப்பியோடும் கன்வஸ் சப்பாத்தோடும் நேரே வந்துவிடுவார்.

அவருடைய அம்ப்ளிபயரைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. தொடை உயரமான மரப்பெட்டி. கறுப்பு ரெக்ஸின் மூலைகளில் உரிந்திருக்கும். உள்ளே பழங்கால ரேடியோவில் இருப்பதுபோலக் கண்ணாடி வால்வுகள். அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோன அங்கிள் ஒருவர் கொண்டுபோக முடியாமல் விட்டுப் போனது. மேலதிக வால்வுகளைக் கணவருடைய பழைய காலுறைகளில் சுற்றி, பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் வைத்திருந்தார். துறைமுகத்தில் வேலை செய்த அந்தக் கணவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் அந்தப் பெட்டியை வான் வண்டியிலிருந்து இறக்குவோம். இறக்கி முடிய அந்த மனிதர் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

சுவிட்சைப் போட்டால் உடனே சத்தம் வராது. வால்வுகள் சூடேற வேண்டும். அதுவரை அக்கா கிற்றாரைத் தொடமாட்டார். பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்ப்பார். நாங்கள் அவசரப்படுத்தினால், “பொறுங்கோ, ஆள் இன்னும் எழும்பேல்லை” என்பார். அந்தப் பெட்டியை அவர் ‘ஆள்’ என்று மட்டும்தான் சொல்வார்.

அக்கா குழுவில் சேர்ந்த புதிதில் அவருடைய ஒரு பழக்கம் எங்களைத் திகைக்க வைத்தது. நகரத்து மண்டபம் ஒன்றில் கல்யாண வீடு. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வரும் நேரம், எல்லோரும் எதிர்பார்க்கும் பாட்டு. நடுவில் அவருடைய பகுதியில் ஒரு சுரம் பிசகியது. எனக்கும் ட்ரம்ஸ் வாசித்த மாஸ்டருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா வலது கையைச் சட்டென்று தலைக்கு மேலே உயர்த்தினார், வகுப்பில் பிள்ளை உயர்த்துவதுபோல. உயர்த்திய கையை இறக்கி அடுத்த சுரத்தைச் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டார்.

மாஸ்டர்தான் குழுவின் தலைவர். பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். இடைவேளையில் அக்காவிடம் போய், தெரியாத பிழையை ஏன் நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார்.

“எனக்குத் தெரியும்தானே மாஸ்டர்,” என்றார் அவர். “சத்தம் எல்லாருக்கும் போயிட்டுது. அது ஆரின்ரை பிழை எண்டும் தெரியட்டும்.”

கொஞ்சக் காலத்தில் சனம் அதை எதிர்பார்க்கத் தொடங்கியது. கை உயர்ந்தால் சிரித்துக்கொண்டு கைதட்டுவார்கள். ஆனால் குழுவில் இருந்தவர்களுக்கு அது கொஞ்சம் பயமாகவும் இருந்தது. வேறு யாராவது பிழை விட்டால் அவர் திட்டமாட்டார், திரும்பிப் பார்ப்பார். பிழை விட்டவர் கையை உயர்த்தும் வரைக்கும் பார்த்துக்கொண்டே வாசிப்பார். பாடகர் முதலில் கோபப்பட்டார், பிறகு பழகிவிட்டார். ஸ்பீக்கர் கீச்சிட்டால் மேடைக்கு எதிரே தூரத்தில் இருந்த நானும் கை உயர்த்தினேன். இருட்டில் என் கை அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, உயர்த்தாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மேடைக்கு வெளியிலும் அவர் அப்படித்தான். ஒருநாள் அவரிடம் கார் ஓட்டப் பழகிய இளம் ஆசிரியை ஒருவர் உட்துறைமுக வீதியில் மீன்காரர் ஒருவருடைய சைக்கிளில் காரைத் தட்டிவிட்டார். மீன்காரருக்குக் காயமில்லை, மீன்பெட்டி கவிழ்ந்து பாரைக்குட்டிகள் தார்வீதியில் கிடந்தன. பொலிஸ்காரர் வந்தபோது ஆசிரியை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாராம். அக்கா இறங்கி, தன் காலடியைக் காட்டினார். பழக்கும் கார் என்பதால் பக்கத்து ஆசனத்துக்கும் ஒரு பிரேக் உண்டு.

“ரெண்டாவது பிரேக் என்ரை காலடியிலை கிடக்கு. மிதிச்சிருக்க வேணும், நான் மிதிக்கேல்லை. எழுதுறதெண்டால் என்னை எழுதுங்கோ.”

பிறகு வீதியில் குந்தி மீன்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டார். மீன்காரரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, அந்த ஆசிரியையை அதே இடத்திலிருந்தே காரை எடுக்க வைத்தார். இதை என்னிடம் சொன்னது அந்த ஆசிரியைதான். அவர் இப்போது என் மனைவி. கொழும்பில் என்னைவிட நன்றாகக் கார் ஓட்டுகிறார்.

நிலாவெளிப் பக்கத்துக் கடற்கரை ஹோட்டல் ஒன்று, சுற்றுலாப் பருவகாலம் முழுவதும் வாரக் கடைசிகளில் வாசிக்க எங்களைக் கூப்பிட்டபோதுதான் அம்ப்ளிபயருக்குச் சோதனை வந்தது. முகாமையாளர் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தார். ஆனால் மேடையிலிருந்து வரும் சத்தம் கூடிப்போனது என்றார். சாப்பாட்டு மேசைகள் பக்கத்திலேயே இருந்தன. ஸ்பீக்கரில் போகும் சத்தத்தை நான் குறைக்கலாம்; ஆளின் சத்தத்தை நான் ஒன்றும் செய்ய முடியாது. அது மேடையில் நின்று தன்பாட்டில் முழங்கும். குறைத்து வைத்தால் வால்வுகளுக்கு வேலை போதாமல் சத்தம் சோர்ந்துவிடும்.

என்னிடம் ஒரு வழி இருந்தது. கனடாவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த டிஜிட்டல் பெட்டி. காலால் மிதிக்கும் பொத்தான்களோடு ஒரு சப்பாத்துப் பெட்டியளவுதான் இருக்கும். பெயர்பெற்ற அம்ப்ளிபயர்கள் எப்படி ஒலிக்கும் என்று கணக்குப் போட்டு, அந்தச் சத்தங்களை உள்ளே வைத்திருக்கிறார்கள். கிற்றாரை அதில் கொழுவி அதை மிக்ஸருக்குக் கொழுவினால் போதும். மேடையில் கம்பியின் மெல்லிய கிணுகிணுப்பைத் தவிர ஒன்றும் கேட்காது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று மாஸ்டரும் நானும் யோசித்தோம். கோபிப்பார் என்று நினைத்தோம். அவரோ, கேட்காமல் எப்படி நல்லது கெட்டது சொல்வது என்று திருப்பிக் கேட்டார். அவருடைய வீட்டு விறாந்தையிலேயே சோதனை நடந்தது. ஒரே பாட்டை ஆளிலும் பெட்டியிலும் அவரையே வாசிக்க வைத்துப் பதிவு செய்தேன். அவர் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி இருந்தார். நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். கண்ணை மூடி, தலையைச் சரித்து, திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டார்.

கடைசியில் சுவரைப் பார்த்தபடியே கையை உயர்த்தினார்.

“எனக்குப் பிடிபடேல்லைத் தம்பி. எது ஆள், எது பெட்டி எண்டு சொல்ல ஏலாது.”

மாஸ்டர் வெற்றிச் சிரிப்போடு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்ப்ளிபயரோடு அத்தனை வருடம் வாழ்ந்தவர், அதை எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் இவ்வளவு இலேசாகச் சொன்னதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் எழுந்து, ஆளுக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்று ஒரு சுரத்தை அடித்தார். விறாந்தை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவருடைய காற்சட்டைத் துணி துடித்தது. அந்தச் சுரம் அடங்காமல் கம்பியிலேயே நின்று, மெல்ல மெல்ல வேறொரு சத்தமாக ஏறியது. அம்ப்ளிபயரிலிருந்து வரும் அதிர்வு கம்பியை மறுபடி அசைப்பதால் அப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியும். அவர் அதை வேறுவிதமாகச் சொன்னார்.

“காதாலை கேட்டால் ரெண்டும் ஒண்டுதான். காலாலை கேட்டால் வேறை. உங்கடை பெட்டி நான் சொன்னதை அப்பிடியே சொல்லுது. ஆள் திருப்பிக் கதைக்குது.”

“அப்ப ஹோட்டலுக்கு என்ன செய்யிறது?” என்றார் மாஸ்டர்.

“பெட்டிதான். சாப்பிடுற ஆக்களுக்கு நான் காலாலை கேக்கிறது எதுக்கு?”

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில வாரங்கள் வைத்திருந்தார். திருப்பிக் கொண்டுவந்தபோது அதற்குள் இருந்த நூற்றுக்கணக்கான சத்தங்களில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாவற்றையும் அழித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். தனக்கு ஒன்று போதும் என்றார். தடுமாறும் சுரத்தை மினுக்கி ஒரே மட்டமாக்கும் வசதி ஒன்று அதில் உண்டு. அதையும் நிறுத்தியிருந்தார். பிசகினால் பிசகினதாகவே கேட்கவேண்டும் என்பது அவருடைய கட்டளை.

அந்தப் பருவம் நன்றாகவே போனது. அவருக்குக் காதில் மாட்டும் சிறிய இயர்போனில் மட்டும் தன் வாசிப்புக் கேட்கும். தண்ணீருக்குள் நின்று வாசிப்பதுபோல இருக்கிறது என்று ஒருதரம் சொன்னார், முறைப்பாடாக இல்லாமல். வெளியே வந்த சத்தமோ, என் காதுக்கு, அவருடைய சத்தமேதான். விருந்தினர் கைத்தொலைபேசியில் வீடியோப் படம் பிடித்தார்கள். யாரோ அதை முகநூலில் போட்டார்கள். ஊரெல்லாம் பார்த்தது.

வினையும் அங்கிருந்துதான் வந்தது. சல்லி என்ற மீனவக் கிராமத்தில் சித்திரைப் புத்தாண்டுக்கு விளையாட்டுக் கழகம் கடற்கரையில் இசை நிகழ்ச்சி வைக்கும். வழக்கமாக எங்கள் குழுதான். சல்லி மாஸ்டருடைய மனைவியின் ஊர். அந்த முறை கழகத் தலைவர் மாஸ்டரைக் கூப்பிட்டு, வேறு குழுவைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். அவர் படகுகள் வைத்திருந்த மனிதர், கடலிலும் கரையிலும் மதிப்புள்ளவர். ஹோட்டல் படத்தைக் காட்டிக் கேட்டாராம்: இந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு அம்ப்ளிபயரும் இல்லை, ஆனால் சத்தம் இடிபோல வருகிறது, அவர் வாசிக்கவில்லை, பதிந்த பாட்டுப் போகிறது, அவர் கையை ஆட்டுகிறார், பென்ட்ரைவில் பாட்டுப் போடுவதற்கு எங்களுக்கு எதற்குக் குழு?

மாமனார் வீட்டு ஊரில் இப்படிக் கேட்டவுடன் மாஸ்டர் பதறிப்போனார். இந்த முறை பெரிய அம்ப்ளிபயரோடு வருவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒத்திகையில் இதைச் சொன்னபோது அக்கா என்னிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. பிழையைக்கூட ஒளிக்காத ஒருவரைப் பொய்யாக வாசித்தார் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்தப் படத்தை இன்னொரு தரம் ஓடவிட்டார்.

“ஓம். பாக்க அப்பிடித்தான் கிடக்கு. எனக்குப் பின்னாலை ஒண்டுமில்லை.” கைத்தொலைபேசியைத் திருப்பித் தந்தார். “ஆனா அம்ப்பைக் கொண்டுவர மாட்டன் மாஸ்டர்.”

மாஸ்டர் கெஞ்சினார். கொடுத்த வாக்கைச் சொன்னார். அவருக்கு விருப்பமானதே அந்த அம்ப்ளிபயர்தானே, அதைக் கொண்டுவர ஏன் அடம் என்று நானும் கேட்டேன்.

“இப்ப ஆளைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன அர்த்தம்? ஹோட்டலிலை வாசிச்சது நானில்லை எண்டு நானே ஒப்புக்கொண்டதாப் போகும். பெட்டியோடைதான் வருவன். விருப்பமில்லாட்டி நான் விலகுறன், வேறை ஆளைப் பாருங்கோ.”

வேறு ஆளைப் பார்க்க மாஸ்டருக்கு மனம் வரவில்லை. அதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

சல்லிக் கடற்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. கயிறிழுத்தல் முடிந்து சனம் மேடைக்கு முன்னால் மணலில் இருந்தது. கழகத் தலைவர் எங்கள் வான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். அம்ப்ளிபயர் இல்லை. மாஸ்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

முதல் பாட்டில் லீட் பகுதி வந்தது. அக்கா நன்றாகவே வாசித்தார். பின்னாலிருந்து ஒரு குரல், பென்ட்ரைவை மாற்றச் சொன்னது. சிரிப்பு எழுந்தது. பாடகரின் குரல் ஆடியது. அக்கா கையால் சைகை காட்டிப் பாட்டை நிறுத்தினார். கிற்றாரைக் கழற்றி, மேடை விளிம்புக்கு வந்து, குனிந்து அதைத் தலைவரிடம் நீட்டினார். மறுகையில் மைக் இருந்தது.

“ஐயா, கொஞ்சம் மேலை வாங்கோ. பெட்டிதான் வாசிக்குது எண்டால் உங்களுக்கும் வாசிக்கும்.”

தலைவர் அசையவில்லை. இப்போது அவருடைய ஆட்களே சிரித்துக்கொண்டு அவரை எழுப்பிவிட்டார்கள். மேடையேறினார். அக்கா பட்டியை அவருடைய தோளில் மாட்டி நீளத்தைச் சரிசெய்தார். நெடிய மனிதர், கிற்றார் அவருடைய நெஞ்சில் விளையாட்டுச் சாமான்போலக் கிடந்தது. பயப்படாமல் ஓங்கி அடிக்கும்படி அக்கா சொன்னார். நான் மிக்ஸரில் அக்காவுக்கு வைத்த அளவை ஒரு மயிரிழையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வலை இழுத்துக் காய்த்த கையால் அவர் கம்பிகளை வாரியடித்தார். அதே சத்தம்தான், அதே கனம், அதே இடி. ஆனால் தகரக் கூரையில் தேங்காய் விழுந்ததுபோல இருந்தது. கடற்கரை முழுவதும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சனத்தைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார், சிரிப்பு அடங்கியது. தலைவர் இன்னொரு தரம், இந்த முறை ஒரு கம்பியை மட்டும், மெதுவாகத் தொட்டார். அது அழுவதுபோல் ஒலித்து ஓய்ந்தது. தன் விரலையும் கீழே கிடந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவராகவே மைக்குக்கு வந்தார்.

“நான் சொன்னது பிழை,” என்றார். கிற்றாரை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பிக் கொடுத்தார்.

“பாத்தால் ஆருக்கும் அப்பிடித்தான் தோணும் ஐயா,” என்றார் அக்கா, அதையும் மைக்கிலேயே.

பாட்டை முதலிலிருந்து தொடங்கினோம். நடுவில் ஒரு சுரத்தை அக்கா தவறவிட்டு, வழக்கம்போலக் கையை உயர்த்தினார். முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம், ‘நான்தான் அவவின்ரை சவுண்ட்காரன்’ என்று கேட்காமலே சொன்னேன்.

அடுத்த சித்திரைக்குக் கழகத்தார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இந்த முறை அவர்கள் கேட்டது அந்தப் பெரிய அம்ப்ளிபயரை. சந்தேகத்தில் இல்லை, அதையும் ஒருதரம் கேட்கவேண்டும் என்ற ஆசையில். தலைவர் தானே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திர வண்டியோடு பாலையூற்றுக்கு வந்தார். அம்ப்ளிபயருக்குக் கீழே பழைய வலையை மெத்தைபோல விரித்து, தூக்கிவைத்து, வழி முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜெனரேற்றரின் மின்சாரம் ஏறி இறங்கினால் வால்வுகள் தாங்காது என்று அக்கா பயந்தார். மாஸ்டரின் மாமனார் வீட்டிலிருந்து வயர் இழுத்தோம்.

சூரியன் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கடல் ஏரிபோலக் கிடந்தது. ஆள் எழும்பும் வரைக்கும் எல்லோரும், குழந்தைகள்கூட, பேசாமல் காத்திருந்தார்கள். அக்கா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு முதல் சுரத்தை அடித்தார்.

நான் அந்த அம்ப்ளிபயருக்கு முன்னால் மைக் வைத்திருந்தேன். மிக்ஸரில் அதற்குரிய சத்தப் பிடியை ஏற்றக் கையை வைத்தேன். ஏற்ற வேண்டியிருக்கவில்லை. அவருடைய சத்தம் சனத்தைத் தாண்டி, என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் மணலில் இழுத்துவிட்டிருந்த படகுகள் வரைக்கும் தானாகப் போய்க்கொண்டிருந்தது. என் செருப்புக்குக் கீழே மணல் மெல்ல அதிர்ந்தது. பாட்டு முழுவதற்கும் பிடியை அடியிலேயே விட்டுவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இத்தனை வருட வேலையில் ஒன்றுமே செய்யாமல் இருந்து பெருமைப்பட்ட மாலை எனக்கு அது ஒன்றுதான்.